காளாஞ்சித் தட்டில் ஓர் அழைப்பாணை

கோயில் வாசலில் நின்று நீதிமன்றப் பிஸ்கால் குலசிங்கம் போட்டிருந்த சேட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போகிற ஆண்கள் எல்லோரும் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கக் கோயில்களில் அதுதான் ஒழுங்கு. குலசிங்கமும் இதே ஊர்க் காற்றைக் குடித்து வளர்ந்தவர், ஒழுங்கு தெரியாதவர் அல்ல. பிரச்சினை சேட்டுப் பொக்கற்றில் இருந்தது. அதற்குள் நீதவான் நீதிமன்றத்தின் அழைப்பாணை ஒன்று நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"பிள்ளை, இதை எங்கை வைக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

"மடியிலை செருகுங்கோ."

"கோட்டுக் கடுதாசியை மடியிலை செருகிறதோ?"

"பிள்ளையாருக்கு முன்னாலை சேட்டோடை போறதைவிட அது பரவாயில்லை, ஐயா."

அவர் கொஞ்ச நேரம் சட்டத்தையும் சமயத்தையும் நிறுத்துப் பார்த்தார். பிறகு சேட்டைக் கழற்றினார். அழைப்பாணை அவரின் வேட்டி மடிக்குள் போனது. உள்ளே மேளம் தொடங்கிவிட்டது. கற்பூர வாசம் வாசல் வரைக்கும் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் ஆரணி, "அம்மா, இந்த மாமாவும் பூசைக்கு வந்தவரோ?" என்று கேட்டாள்.

"ஓம். அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கு," என்றேன்.

கோயிலில் நின்று நான் சொன்னது பொய்யும் இல்லை.

மாப்பிள்ளை எங்கே?

போன கிழமை இந்தப் பத்தியில் என் கல்யாண அல்பத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "எல்லாம் சரி, மாப்பிள்ளை இப்போது எங்கே?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். அம்மா, இதே கேள்வியைத்தான் நீதிமன்றமும் என்னிடம் கேட்டது.

அவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வாரப் பத்திரிகையில் அவருக்கு இலவச விளம்பரம் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. கல்யாண வீட்டில் அவர் மாப்பிள்ளை. பிள்ளையின் செலவுக்கு நான் தாபரிப்பு வழக்குப் போட்ட பிறகு அவருக்கு நீதிமன்றம் ஒரு நல்ல பெயர் வைத்தது. எதிர்மனுதாரர். வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அதையே வைத்துக்கொள்வோம்.

ஆரணி பால்போத்தலை விட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பைக்கு மாறிய காலத்தில் எதிர்மனுதாரர் ஒருநாள் பயிற்றங்காய் வாங்கச் சந்தைக்குப் போனார். நெல்லியடிச் சந்தை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பயிற்றங்காய் இன்னும் வரவில்லை.

அவரின் தாயாரை, அதாவது என் மாமியை, போய்க் கேட்டேன். மாமி ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல், "அவன் சவூதிக்குப் போயிட்டான் பிள்ளை, அவசரமாப் போகவேண்டி வந்திட்டுது," என்றார். பயிற்றங்காய்ப் பையோடு சவூதிக்குப் போன முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

அடுத்த முறை கேட்டபோது எதிர்மனுதாரர் கட்டாரில் இருந்தார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் மலேசியா. கடைசியில் மாமி புத்திசாலித்தனமாக அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டார்.

"எந்தக் கப்பல், மாமி?"

"பெரிய கப்பலாம்."

"இப்ப எங்கை நிக்குது?"

"கடலிலை."

எங்கள் வடமராட்சியில் கப்பலுக்குப் போன ஆள் என்றால் யாரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் என்றாவது போயிருப்பார். கப்பலுக்கு விலாசமும் கிடையாது. மாமி படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். சட்டம் படித்திருந்தால் நாட்டுக்கு நல்லதோ கெட்டதோ, ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

இந்தக் கதையையெல்லாம் மாமி எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கோயிலடியில், சந்தையில், காணும் இடத்தில் எல்லாம் ஆரணியைத் தடவி, "உன்ரை அப்பா பிளேனிலை வருவார்," என்று சொல்லி வைத்தார். அதனால் என் பிள்ளைக்கு ஒரு பழக்கம் வந்தது. பலாலிக்கு வருகிற விமானம் எங்கள் தலைக்கு மேலால் போனால் முற்றத்துக்கு ஓடிப்போய்க் கை காட்டுவாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன சொல்ல? எனக்கும் அவர் எங்கே என்று தெரியாது. ஒருவேளை உண்மையாகவே அந்த விமானத்தில் இருந்துவிட்டால் என்ற பயமும் இருந்தது.

இல்லாத ஆளின் இருக்கிற விலாசம்

நான் நெல்லியடியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். கூறைச் சேலை முதல் வீட்டில் கட்டும் சாரம் வரைக்கும் விற்றிருக்கிறேன். ஒருத்தியின் சம்பளத்தில் இருவர் சாப்பிடலாம். பள்ளிக்கூடம், ரியூசன், கண் டொக்டர் என்று வரும்போதுதான் மற்றவர் எங்கே என்ற கேள்வி எழும்பும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், நான் வழக்குப் போட்டது அதற்காக மட்டும் இல்லை. மாமி ஒரு கல்யாண வீட்டில் வைத்து யாரிடமோ, "பெட்டைக்கு எங்கடை சாயல் ஒண்டும் இல்லை, பாத்தனீங்களே," என்று சொன்னதாக என் காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். எங்கேயாவது ஒரு பெரிய மனிதருக்கு முன்னால் அந்த ஆள் நின்று, இவள் என்ரை பிள்ளை என்று வாய் திறந்து சொல்லவேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

ஒரு சட்டத்தரணிப் பெண்ணைப் பிடித்தேன். என்னைவிட வயது குறைந்தவர், என்னைவிடப் பொறுமை கூடியவர். அவர் சொல்லித்தான் நீதிமன்றத்தின் நியாயம் எனக்கு விளங்கியது. எதிர்மனுதாரர் வரவேண்டும் என்றால் அழைப்பாணை அவரின் கையில் கிடைக்கவேண்டும். கையில் கிடைக்க அவர் இருக்கும் இடம் தெரியவேண்டும். அந்த இடத்தை, அவர் யாரை விட்டு ஓடினாரோ அவளே கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும். ஆடு காணாமல் போனால்கூட அயலில் நாலு பேர் சேர்ந்து தேடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே விலாசம் மாமியின் வீடு. அதைக் கொடுத்தேன். அழைப்பாணையைக் கொண்டுபோய் உரியவரின் கையில் கொடுக்கிற உத்தியோகத்தரைத்தான் நாங்கள் பிஸ்கால் என்போம். குலசிங்கம் மோட்டார் சைக்கிளில் போனார். மாமி கதிரை போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, பனங்காய்ப் பணியாரமும் வைத்து, மகன் கப்பலில் என்ற சோகத்தைச் சொல்லி அனுப்பினார். 'ஆள் இல்லை' என்று எழுதப்பட்டு அழைப்பாணை திரும்பியது.

இரண்டாம் தடவையும் போனார். மாமி இந்த முறை பணியாரத்தைப் பொதி செய்தும் கொடுத்தார்.

"அந்த மனுசி நல்ல மனுசி, பிள்ளை," என்று குலசிங்கம் என்னிடமே சொன்னார். "பாவம், மகனைக் காணாமல் ஏங்கிப் போய் இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரின் மோட்டார் சைக்கிளைத் தள்ளி விழுத்தியிருப்பேன். அது ஸ்ராண்டில் நின்றது, கனமும் கூட.

விதானையாரிடம், அதாவது எங்கள் கிராம சேவகரிடம், போனேன். மேற்படி நபர் இப்பிரிவில் வதியவில்லை என்று முத்திரை குத்தித் தந்தார். வதியவில்லை என்பது எனக்கும் தெரியும், எங்கே வதிகிறார் என்று கேட்டேன். அது தன் பிரிவுக்குள் வராது என்றார்.

அந்த வீட்டில் பொய் சொல்லாத ஒரே ஆள் என் மாமனார். அவர் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தார். பேச்சு நின்றுபோயிருந்தது.

மூன்றாவது அழைப்பாணையைக் கையில் எடுத்தபோது சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"அக்கா, இந்த முறையும் சேரேல்லை எண்டால் வழக்கைக் கிடப்பிலை போட்டிடுவினம். பிறகு எழுப்பிறது கஸ்ரம்."

"விளங்குது தங்கச்சி."

"இன்னொண்டு. ஆள் வந்தாலும், பிள்ளை என்ரை இல்லை எண்டு சொல்லலாம். அப்பிடிச் சொன்னால் இரத்தம் எடுக்கிறது, கொழும்புக்கு அனுப்பிறது எண்டு இழுபடும். மனசைத் தயார்படுத்தி வைச்சிருங்கோ."

நான் மனசைத் தயார்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தேன். அழுவதற்கு அது வசதி.

மயில்கழுத்துக் கரை

கடவுள் எனக்கு உதவி செய்ததாகச் சொன்னால் எங்கள் கடை முதலாளி கோபிப்பார். உதவி அவரின் கடைக்குள்தான் வந்தது.

மாமியின் அயல்வீட்டுக்காரி தேவி அக்கா ஒருநாள் மத்தியானம் வந்து, எட்டு முழப் பட்டு வேட்டியும் சால்வையும் கேட்டார். கோயில் கொடியேறி இரண்டொரு நாள் இருக்கும். நான் தட்டில் இருந்ததை எல்லாம் இறக்கினேன்.

"இந்த அகலக் கரை வேண்டாம் பிள்ளை. மெல்லிசாக் கிடக்கோணும். மயில்கழுத்து நிறம் இருக்கே?"

என் கை அப்படியே நின்றது. மெல்லிய கரை, மயில்கழுத்து நிறம். கல்யாணத்துக்கு உடுப்பு எடுக்க வந்த அன்று, எனக்குச் சேலை பார்த்த நேரத்தைவிடத் தன் வேட்டிக் கரை பார்த்த நேரம் கூடிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். தேவி அக்காவின் புருசன் வெள்ளைக் கரை வேட்டியைத் தவிர வேறொன்றும் தொடமாட்டார்.

"ஆருக்கு அக்கா?"

"அது... சும்மா ஒராளுக்கு," என்று தேவி அக்கா மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார்.

எனக்கு அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் கோயில்களைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொடியேறினால் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்துக்குரியது. அந்த நாளின் செலவும் அவர்களுடையது, பெருமையும் அவர்களுடையது; அதற்கு உபயம் என்று பெயர். பூசை முடிய ஐயர் அந்தக் குடும்பத்து ஆணுக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, தேங்காய், பழம், வெற்றிலை, பூ வைத்த தட்டை இரண்டு கையிலும் கொடுப்பார். அதுதான் காளாஞ்சி. மேளகாரர் முன்னால் வாசிக்க, தட்டை நிலத்தில் வைக்காமல் வீடுவரைக்கும் கொண்டுபோகவேண்டும். காணி வழக்கில் சமாதானமான சகோதரங்கள்கூடக் காளாஞ்சி வழக்கில் செத்த வீட்டுக்கும் போகாமல் இருந்திருக்கிறார்கள்.

சுவாமி வேட்டைக்குப் புறப்படுகிற நாளான வேட்டைத் திருவிழா என் மாமனாரின் உபயம். போன வருசம் வரைக்கும் காளாஞ்சியை அவரே வாங்கினார். இந்த வருசம் அவரால் எழும்ப முடியாது. இளைய மகன் கனடாவில், உண்மையாகவே கனடாவில். மூத்த மகன் வந்து நிற்காவிட்டால் காளாஞ்சி மாமனாரின் தமையன் மகன் புவனேந்திரனுக்குப் போகும். ஒரு தடவை போனால் திரும்பாது. புவனேந்திரன் இரண்டு ஆண்பிள்ளைகளுக்குத் தகப்பன். தகப்பனும் பிள்ளைகளும் அந்தத் தட்டுக்காகப் பரம்பரையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

மகளின் காய்ச்சலுக்கு வராத மனிதர், பள்ளிக்கூடம் சேர்த்த அன்று வராத மனிதர், அந்தத் தட்டுக்குக் கப்பலை நடுக்கடலில் நிறுத்திவிட்டு வருவார் என்று எனக்குத் தெரியும். ஒன்றாக வாழ்ந்தது கொஞ்சக் காலம்தான் என்றாலும் ஆளின் குணம் மறக்காது.

மெல்லிய மயில்கழுத்துக் கரை வேட்டி ஒன்றை எடுத்து நானே மடித்து, நானே பையில் போட்டுக் கொடுத்தேன். தேவி அக்காவுக்கு விலையும் குறைத்தேன்.

பெயரும் நட்சத்திரமும்

திரும்பக் கோயிலுக்கு வருவோம்.

மடியில் சட்டத்தோடு குலசிங்கம் ஆண்கள் பக்கம் போய் நின்றார். நாங்கள் முதலே பேசி வைத்திருந்தோம். "கோயிலுக்குள்ளை வைச்சுக் குடுக்கமாட்டன் பிள்ளை. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு. வீதிக்கு வந்தாப் பிறகு குடுக்கிறன். நீர் ஆளை மட்டும் காட்டும்," என்று அவர் சொல்லியிருந்தார். ஆளைக் காட்டுவதுதான் சிக்கல். மேலில் சேட்டு இல்லாமல், மூன்று குறி திருநீற்றோடு நின்றால் எங்கள் ஆண்கள் எல்லோரும் ஒரே ஆள் போலத்தான். அதனால் ஆளைச் சொல்லவில்லை. கரையைச் சொன்னேன்.

நான் பெண்கள் பக்கம், ஒரு தூணோடு ஒதுங்கி நின்றேன். மாமி முன் வரிசையில் சங்கிலியைத் தடவிக்கொண்டு நின்றார். வசந்த மண்டபத்துக்கு முன்னால், ஐயருக்குப் பக்கத்தில், விரலில் தர்ப்பையோடு மயில்கழுத்துக் கரை நின்றது. முதுகு கொஞ்சம் பருத்திருந்தது. கடல் காற்று நல்லாக ஒத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆரணியைக் கூட்டிவரும் எண்ணம் இருக்கவில்லை. வீட்டில் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். தகப்பனை அவள் அறிந்தது அல்பத்தில் மட்டும். அல்பத்தில் அவருக்கு முதுகு இல்லை. கடுதாசியைக் கொடுத்தவுடன் பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன்.

ஐயர் சங்கற்பத்துக்குத் தயாரானார். "உபயகாரர், பேர் நட்சத்திரம் சொல்லுங்கோ."

எதிர்மனுதாரர் சொல்லத் தொடங்கினார். தகப்பன், தாய், கனடாத் தம்பி, தம்பியின் மனைவி, தம்பியின் பிள்ளைகள், எல்லோரும் நட்சத்திரத்தோடு வந்தார்கள். பிறகு தன்னுடையது. மண்டபத்தில் நின்றபடியே கனடாவுக்கு நல்ல பலன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி என்று யாரும் வரவில்லை. எனக்கு ஆட்சேபனை இல்லை.

"பிள்ளையள்?" என்றார் ஐயர்.

பக்கத்தில் புவனேந்திரன் தன் இரண்டு ஆண்பிள்ளைகளையும் கண்காட்சிக்கு வைத்ததுபோல நிறுத்தியிருந்தார். பிள்ளை இல்லை என்று சொன்னால் இந்த உபயம் தனக்குப் பிறகு யாருக்கு என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு பேராகச் சந்தனம் பூசிக்கொண்டு நின்றது.

எதிர்மனுதாரர் தொண்டையைச் செருமினார். சபை கேட்கச் சொன்னார். "மகள் ஆரணி. ரோகிணி."

என் கைக்குள் இருந்த சின்னக் கை விறைத்தது. ரோகிணி மாமியின் நட்சத்திரம். வேறு ஒன்றும் நினைவுக்கு வராமல் தாயின் நட்சத்திரத்தைத் தூக்கி மகளுக்குக் கொடுத்திருக்கிறார்.

நான் தடுப்பதற்கு முதல் ஆரணி சொல்லிவிட்டாள். கத்தவில்லை. வகுப்பில் பிழை திருத்துகிற குரல்.

"ஐயா, ஆரணிக்கு ரோகிணி இல்லை. திருவாதிரை."

மேளகாரர் உட்பட எல்லோரும் திரும்பினார்கள். ஐயர் கண்ணைச் சுருக்கிப் பெண்கள் பக்கம் பார்த்தார். "ஆர் பிள்ளை அது?"

"நான்தான் ஆரணி."

ஐயர் முப்பது நாற்பது வருசமாகச் சனங்களைப் பார்த்தவர். ஒன்றும் கேட்கவில்லை. திருவாதிரை என்று திருத்தி, மந்திரத்தை முதலிலிருந்து திரும்பவும் சொன்னார். என் பிள்ளையின் பெயர் அந்த மண்டபத்தில் இரண்டு தடவை ஒலித்தது.

எதிர்மனுதாரர் திரும்பிப் பார்த்தார். முதலில் அவளை. பிறகு என்னை. அந்த முகத்தில் இரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை மறைக்க ஒன்றும் இல்லை.

தட்டு

அவர் அப்போதே போயிருக்கலாம். தெற்கு வாசல் திறந்துதான் இருந்தது. அவரின் கண் ஒருதரம் அந்த வாசலுக்குப் போனது. பிறகு புவனேந்திரனுக்குப் போனது. புவனேந்திரன் வேட்டியை இழுத்துச் சரிப்படுத்திக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். எதிர்மனுதாரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

பரிவட்டம் கட்டினார்கள். தட்டைக் கையில் கொடுத்தார்கள். மேளம் முழங்க அவர் வீதிக்கு வந்தார். பின்னால் மாமி, ஊர்ச்சனம், புவனேந்திரன். வீதி மணலில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகளுக்கு நடுவில் குலசிங்கம் சேட்டுக்குள் கையை நுழைத்தபடி நின்றார். சேட்டின் தெறி பூட்ட நேரம் இருக்கவில்லை.

"தம்பி," என்று மறித்து, எதிர்மனுதாரரின் முழுப் பெயரையும் சொன்னார். "நீங்கள்தானே?"

புவனேந்திரன் பின்னாலிருந்து, "ஓம் ஓம், அவர்தான். என்ரை சித்தப்பாவின்ரை மூத்த மகன்," என்று மிகுந்த பாசத்தோடு சொன்னார்.

"நீதவான் நீதிமன்ற அழைப்பாணை. பிடியுங்கோ."

பிடிக்க அவருக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் தட்டு. கீழே வைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது, தேங்காய் உருளும். குலசிங்கம் ஒரு கணம் பார்த்தார். பிறகு மடியிலிருந்த கடுதாசியை எடுத்து விரித்து, வெற்றிலைக்கும் கதலிப் பழத்துக்கும் நடுவில் பக்குவமாக வைத்தார். மேளகாரர் வாசிப்பை நிறுத்தவில்லை, அவர்களுக்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

"ஒரு கையெழுத்தும் வேணும்," என்றார் குலசிங்கம்.

"தட்டை நான் பிடிக்கிறன் அண்ணை," என்று புவனேந்திரன் பாய்ந்து வந்தார். "நீங்கள் ஆறுதலாக் கையெழுத்தைப் போடுங்கோ."

எதிர்மனுதாரர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என் பிள்ளையை அவர் அப்படி அணைத்துப் பிடித்ததை நான் ஒருநாளும் காணவில்லை. கையெழுத்துப் போட மறுத்தார் என்று குலசிங்கம் எழுதிக்கொண்டார். கையில் கொடுத்தாயிற்று, அது போதும்.

மாமி என்னிடம் வந்தார். "கோயில் வாசலிலை வைச்சு என்ரை பிள்ளையின்ரை மானத்தை வாங்கிப்போட்டியே. நீ நல்லா இருப்பியே?"

"மாமி, உங்கடை பிள்ளை கப்பலிலை எல்லோ," என்றேன். "இவர் ஆர்?"

மாமி குலசிங்கத்தைப் பார்த்தார். அவர் சேட்டுத் தெறியைப் போட்டுக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவருக்கு அந்த வீட்டில் பணியாரம் கிடைத்ததாகத் தகவல் இல்லை.

விலாசம்

வழக்கு நாளில் எதிர்மனுதாரர் சாதாரணக் காற்சட்டையோடு வந்தார். கரை இல்லாமல் அவரைப் பார்க்கச் சப்பென்று இருந்தது. அவரின் சட்டத்தரணி எழும்பி, பிள்ளை விடயத்தில் தன் கட்சிக்காரருக்குச் சில சந்தேகங்கள் இருப்பதாக இழுத்தார்.

என் சட்டத்தரணி எழும்பினார். வேட்டைத் திருவிழா அன்று ஊர்ச் சபையில் எதிர்மனுதாரர் தன் மகள் என்று யாரின் பெயரைச் சொன்னார் என்று மட்டும் கேட்டார்.

எதிர்மனுதாரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். கடைசி வாங்கில் புவனேந்திரன் இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு, ஒரு திருவிழாவுக்கு வந்த பக்தியோடு வந்திருந்தார். இன்றைக்கு இங்கே பிள்ளை இல்லை என்றால், அடுத்த வருசம் அங்கே தட்டு இல்லை.

"என்ரை பிள்ளைதான்," என்றார் எதிர்மனுதாரர்.

அந்த இரண்டு சொல்லுக்காக நான் எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. என்ன செய்ய, கைவசம் வெங்காயம் இல்லை. சும்மா அழுதேன்.

நீதவான் மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டளையிட முதல் ஒரு கேள்வி கேட்டார். "இப்போது வசிக்கும் இடம்?"

"அச்சுவேலி," என்றார் அவர். அங்கே ஒரு சீமெந்துக் கல் அரிகிற இடத்தில் நெடுங்காலமாக மேற்பார்வையாளராம்.

அச்சுவேலி. சவூதி, கட்டார், மலேசியா, கப்பல், எல்லாம் அச்சுவேலி. ஆரணிக்குச் சப்பாத்து வாங்க, கண் காட்ட, நாங்கள் யாழ்ப்பாணம் போகிற பஸ் அந்த ஊருக்குள்ளால்தான் போகும். சந்தியில் நின்று ஆள் ஏற்றும். கச்சான் விற்பார்கள், சில நாள் வாங்கியும் தின்றிருக்கிறோம். அந்தப் பிள்ளை இவ்வளவு காலமும் ஆகாயத்துக்குக் கை காட்டியது.

ஆரணியை வழக்கறைக்குள் விடவில்லை, வெளி விறாந்தையில் இருந்தாள். எப்படியும் கேட்கத்தான் போகிறாள் என்று நானே சொன்னேன். இரண்டையும் சொன்னேன், அவர் ஒத்துக்கொண்டதையும் அச்சுவேலியையும். "ஓ," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை கண்ணாடி மாற்ற யாழ்ப்பாணம் போனோம். ஆரணி ஜன்னல் பக்கம் இருந்தாள். கொண்டக்டர் வந்தபோது நான் காசை நீட்டி, யாழ்ப்பாணத்துக்கு இரண்டு பேர் என்றேன். அவர் ரிக்கெற்றைக் கிழிக்கப் போனார்.

"அண்ணை," என்றாள் ஆரணி. "நெல்லியடியிலை இருந்து அச்சுவேலிக்கு எவ்வளவு?"

"பிள்ளைக்கு அரை ரிக்கெற்தான்," என்று அவர் தொகையைச் சொன்னார். அது ஓர் ஐஸ்கிறீம் விலைகூட வராது. "ஏன், அச்சுவேலியிலை இறங்கப் போறியளே?"

நான் காசை நீட்டியபடியே ஆரணியைப் பார்த்தேன்.

ஆரணி தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றாள். "சும்மா கேட்டனான்."